ரெஸ்யூமேயில் மார்க்கைப் போடுவதா, விடுவதா?

படித்து முடித்து முதல் வேலை தேடும் எல்லோருக்கும் ரெஸ்யூமேயில் ஒரு இடத்தில் கை நின்றுவிடும். பட்டம், கல்லூரி, முடித்த ஆண்டு எல்லாம் எழுதியாகிவிட்டது. பக்கத்தில் மார்க்கைப் போடுவதா, வேண்டாமா? கேட்டுப் பார்த்தால் ஆளுக்கொன்று சொல்வார்கள். "கேட்டால் சொல்லிக்கொள்ளலாம், நீயாக எதற்குப் போடுகிறாய்" என்பார் ஒருவர். "போடாமல் விட்டால் ஒளிக்கிறாய் என்றுதான் நினைப்பார்கள்" என்பார் இன்னொருவர். இரண்டுமே சரிதான். ஆனால் எந்த வேலைக்கு அனுப்புகிறோம், யார் படிக்கப்போகிறார் என்பது தெரியாமல் இரண்டில் எதையும் பின்பற்ற முடியாது.

என் முடிவை முன்பே சொல்லிவிடுகிறேன். ரெஸ்யூமேயைப் படிக்கிறவருக்கு உங்களைப் பற்றி ஒரு சந்தேகம் இருந்து, அதை உங்கள் மார்க் தீர்த்துவைக்கும் என்றால் போடுங்கள். இல்லாத சந்தேகத்தை அது கிளப்பும் என்றால் விடுங்கள். விடுவதில் நேர்மைக்குறைவு எதுவும் இல்லை. ஒன்றிரண்டு பக்கத்தில் எதைச் சொல்வது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை விண்ணப்பிக்கிறவருக்கு உண்டு. அது படிக்கிறவருக்கும் தெரியும். பொய்யான எண்ணைப் போடும்போதுதான் நேர்மை கெடுகிறது.

அந்த எண்ணை வைத்து அவர்கள் என்ன செய்கிறார்கள்?

ஒரு காலியிடத்துக்கு நூற்றுக்கணக்கில் விண்ணப்பம் வந்து குவியும்போது எல்லாவற்றையும் வரிவரியாகப் படிக்க யாருக்கும் நேரம் இருக்காது. ஏற்கெனவே வேலை பார்த்தவர்களை அனுபவத்தை வைத்துப் பிரிக்கலாம். பிரெஷர்களிடம் அது இல்லை. எல்லோரிடமும் பொதுவாக இருப்பது மார்க் ஒன்றுதான். அதனால் சில நிறுவனங்கள் அதை வைத்து ஒரு கோடு கிழித்துவிடுகின்றன. கோட்டுக்கு மேலே நிற்பவர்களின் ரெஸ்யூமேதான் படிப்பவர் கைக்கே போகிறது. அந்த முதல் வடிகட்டலைத் தாண்டிவிட்டால் மார்க்கின் வேலை பெரும்பாலும் முடிந்தது. அப்புறம் பேச்சு, ப்ராஜெக்ட், டெஸ்ட் என்று வேறு விஷயங்கள் முன்னால் வந்துவிடும்.

மார்க்கை நம்பி ஆள் எடுப்பது சரிதானா என்று பலர் ஆராய்ந்திருக்கிறார்கள். 1996-இல் ஃபிலிப் ராத்தும் அவருடைய சக ஆய்வாளர்களும் அதுவரை வந்திருந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மார்க்குக்கும் வேலையில் காட்டும் திறமைக்கும் தொடர்பு இருக்கிறது, ஆனால் மிதமான தொடர்புதான் என்று தெரிந்தது. படிப்பை முடித்த ஓராண்டுக்குள் அளந்தால் அந்தத் தொடர்பு கூடுதலாக இருந்தது. ஆண்டுகள் போகப்போகத் தேய்ந்தது. 2013-இல் கூகுளின் ஆள்சேர்ப்புக்கும் பணியாளர் நலனுக்கும் தலைமைப் பொறுப்பில் இருந்த லாஸ்லோ பாக், ஆள் எடுக்க மார்க் பயன்படுவதில்லை என்று ஒரு பேட்டியில் சொன்னார். இன்றும் பலர் அதை மேற்கோள் காட்டி, மார்க்குக்கு மதிப்பே இல்லை என்கிறார்கள். ஆனால் அதே மூச்சில் அவர் ஒரு விலக்கும் சொன்னார். அப்போதுதான் கல்லூரியிலிருந்து வெளிவந்தவர்களிடம் மட்டும் சிறிய தொடர்பு தெரிகிறது என்றார். முதல் வேலை தேடுகிறவர் கவனிக்க வேண்டியது அந்த விலக்கைத்தான், ஏனென்றால் அது அவரைப் பற்றியது.

நிறுவனங்களும் மாறிக்கொண்டுதான் வருகின்றன. அமெரிக்காவில் கல்லூரிகளையும் வேலை கொடுப்பவர்களையும் இணைக்கும் நேஸ் அமைப்பு ஆண்டுதோறும் கணக்கெடுப்பு நடத்துகிறது. புதுப் பட்டதாரிகளை மார்க் வைத்து வடிகட்டுவோம் என்று சொன்ன நிறுவனங்கள் 2019-இல் சுமார் 73 சதவீதம். 2023-இல் அது 37 சதவீதமாக இறங்கியிருந்தது. பிரிட்டனில் எர்ன்ஸ்ட் அண்ட் யங் நிறுவனம் பட்டத்தில் இன்ன வகுப்பு வாங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையை 2015-இல் எடுத்தது. பிடபிள்யூசி 2022-இல் அதையே செய்தது. கணக்குத் தணிக்கைத் துறையில், அதுவும் இவ்வளவு பெரிய நிறுவனங்கள் அதைக் கைவிட்டது சின்ன விஷயம் இல்லை.

இதைப் பார்த்துவிட்டு, இனி மார்க்கே வேண்டாம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. 37 சதவீதம் என்றாலும் மூன்றில் ஒன்றுக்கு மேல். எந்தக் கதவில் இன்னும் காவல் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு போவதுதான் புத்திசாலித்தனம்.

போடுவது

மார்க் நன்றாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், போட்டுவிடுங்கள். நன்றாக என்றால் எவ்வளவு? 4 புள்ளி முறையில் 3.0 என்பது பல நிறுவனங்கள் கிழிக்கும் கோடு. 3.5-ஐத் தாண்டினால் அது தானே பேசும். 10 புள்ளி முறையில் 8-க்கு மேல் இருந்தால் தயங்க வேண்டாம் என்பேன். முதலீட்டு வங்கி, மேலாண்மை ஆலோசனை, பெரிய சட்ட நிறுவனங்கள், ஆராய்ச்சிக்கூடம், மேற்படிப்பு இவற்றுக்கெல்லாம் விண்ணப்பிக்கிறவர் மார்க்கைப் போடுவது வழக்கம். இங்கே படிக்கிறவரின் கண் முதலில் அதைத்தான் தேடும்.

போடுகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, எண்ணை மட்டும் போட்டுவிட்டு எத்தனைக்கு என்று சொல்லாமல் விடுவது. இது ஏதோ சின்னச் சம்பிரதாயம் போலத் தெரியும். ஆனால் எல்லைகளைத் தாண்டி விண்ணப்பம் போகும் இந்தக் காலத்தில் இதனாலேயே நல்ல ஆட்கள் அடிபடுகிறார்கள். ஜெர்மனியில் 1.0 தான் உச்சம், 4.0 என்றால் தேறியவர்களில் கடைசி. அமெரிக்காவில் 4.0 உச்சம். ஆக, ஜெர்மனியில் 1.3 வாங்கிய அருமையான மாணவி வெறுமனே 1.3 என்று எழுதினால், அமெரிக்க முறைக்குப் பழகியவர் கண்ணில் அவர் தோற்றுப்போனவர். பிரான்சில் 20-க்கு 16 எடுத்தவரை மெச்சுவார்கள். அதை 80 சதவீதம் என்று மாற்றிப் படிக்கிறவருக்கு அதன் மதிப்பு தெரியாது. பிரிட்டனில் 70 சதவீதம் எடுத்தாலே முதல் வகுப்பு. இன்னொரு நாட்டில் 70 என்றால் சாதாரணம். இத்தாலியில் பட்டத்துக்கு 110-க்கு மார்க் போடுகிறார்கள்.

அதனால் அளவைச் சேர்த்தே எழுதுங்கள்: 8.4 / 10. படிக்கிறவர் வேறு முறைக்குப் பழகியவர் என்றால், அந்த எண்ணுக்குப் பக்கத்தில் உங்கள் இடத்தையும் சொல்லுங்கள்: வகுப்பில் மூன்றாவது, முதல் 10 சதவீதத்துக்குள், முதல் வகுப்பு. இடம் எந்த ஊரிலும் புரியும்.

ஒரே நாட்டுக்குள் விண்ணப்பித்தாலும் இடத்தைச் சொல்வது உதவும். அமெரிக்கக் கல்லூரிகளின் மார்க்குகளைத் திரட்டி ஸ்டூவர்ட் ரோஜ்ஸ்டாசரும் கிறிஸ்டோபர் ஹீலியும் 2012-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அங்கே கொடுக்கப்படும் கிரேடுகளில் சுமார் 43 சதவீதம் ஏ என்று அதில் கண்டார்கள். எல்லோரும் ஏ வாங்கும் இடத்தில் ஏ வாங்கியதைச் சொல்வதைவிட, எத்தனை பேரில் எத்தனையாவது என்று சொல்வதற்குப் பலம் அதிகம். மறுபக்கம், கையை இறுக்கிப் பிடித்து மார்க் போடும் கல்லூரியில் படித்தவருக்கு வகுப்பில் பெற்ற இடம் ஒன்றுதான் துணை. 10-க்கு 6.9 வாங்கி வகுப்பில் இரண்டாவதாக வந்தவர் எண்ணை மட்டும் எழுதினால் அவருக்கு அவரே அநியாயம் செய்துகொள்கிறார்.

இன்னொரு விஷயம். பள்ளி மார்க்கிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு செமஸ்டருக்கும் அட்டவணை போடாதீர்கள். அது ப்ராஜெக்டும் இன்டர்ன்ஷிப்பும் உட்கார வேண்டிய இடத்தைத் தின்றுவிடுகிறது. பட்டத்தின் பெயர் இருக்கும் வரியிலேயே ஒரு எண் போதும்.

விடுவது

மார்க் குறைவு என்று உங்களுக்கே தெரிந்தால், விளம்பரம் கேட்காதவரை விட்டுவிடலாம். இது வரை எல்லோருக்கும் சம்மதம். கேள்வி, விட்ட இடத்தைப் படிக்கிறவர் எப்படி எடுத்துக்கொள்வார் என்பதில்தான்.

பொருளாதாரத்தில் இதற்கு ஒரு பழைய விளக்கம் உண்டு. 1981-இல் சான்ஃபோர்ட் கிராஸ்மனும் பால் மில்க்ரமும் தனித்தனியாக எழுதிய கட்டுரைகளில் இதன் தர்க்கம் இருக்கிறது. அதை நம் விஷயத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். உயர்ந்த மார்க் வாங்கியவர்கள் கட்டாயம் சொல்வார்கள். அப்படியானால் சொல்லாதவர்கள் அவர்களுக்குக் கீழே. அந்தக் கீழே இருப்பவர்களில் கொஞ்சம் மேலே இருப்பவர், தன்னையும் கடைசி ஆளோடு சேர்த்துவிடுவார்களே என்று பயந்து சொல்லிவிடுவார். அடுத்தவரும் அப்படியே. கடைசியில் வாய் திறக்காமல் இருப்பவர் கடைசி ஆள் மட்டும்தான் என்று ஆகிவிடும். "போடாவிட்டால் ஒளிக்கிறாய் என்று நினைப்பார்கள்" என்கிறவர் தெரிந்தோ தெரியாமலோ இந்தத் தர்க்கத்தைத்தான் சொல்கிறார்.

ஆனால் இந்தச் சங்கிலி நடக்க ஒரு நிபந்தனை வேண்டும். படிக்கிறவர் மார்க்கை எதிர்பார்க்க வேண்டும், அது இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். முதலீட்டு வங்கியில் கவனிப்பார்கள். சட்ட நிறுவனத்தில் கவனிப்பார்கள். அங்கே மார்க்கை விட்டால், கோட்டுக்குக் கீழே என்றே எடுத்துக்கொள்வார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் அந்தத் துறைகளில் 3.2, 3.3 வாங்கியவர் வெட்கப்பட்டு மார்க்கை மறைப்பது தனக்கே நஷ்டம். அந்த வெற்றிடத்தைப் பார்க்கிறவர் மனதில் 2.6 என்று எழுதிக்கொள்வார். வடிவமைப்பு, விற்பனை, ஊடகம், சிறிய மென்பொருள் நிறுவனம் இங்கெல்லாம் படிக்கிறவர் தேடுவது வேறு. செய்த வேலையைக் காட்டு என்பார்கள். அங்கே விட்ட இடம் பெரும்பாலும் கண்ணில் படவே படாது.

எல்லோரும் சேர்ந்து விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு, வார்டன் போன்ற சில வணிகப் பள்ளிகளில் ஆள் எடுக்க வருகிறவர்களிடம் மார்க்கைச் சொல்வதில்லை என்று மாணவர்களே ஒரு வழக்கத்தை வைத்திருக்கிறார்கள். முதல் மார்க் வாங்கியவரும் சொல்வதில்லை. அதனால் அங்கே சொல்லாமல் இருப்பதை வைத்து யாரையும் குறைத்து எடைபோட முடியாது. தனி ஒருவராக விண்ணப்பிக்கும் உங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, விடுவது என்று முடிவாகிவிட்டது. அந்த இடத்தில் என்ன வரப்போகிறது? பலர் இதைக் கேட்டுக்கொள்வதே இல்லை. மார்க்கை எடுத்துவிட்டு, மீதிப் பக்கத்தில் "கடின உழைப்பாளி, குழுவாகச் செயல்படுபவர்" என்று எழுதினால் மார்க்கைப் போட்டிருந்தாலே தேவலை. மார்க் சொல்லியிருக்க வேண்டியதை வேறொன்று சொல்ல வேண்டும். இந்த ஆளுக்குக் கற்றுக்கொள்ள முடியும், ஆரம்பித்ததை முடிக்கத் தெரியும் என்பதற்குத்தானே மார்க்கைப் பார்க்கிறார்கள்? முடித்துக் காட்டிய ப்ராஜெக்ட், அதை இன்று யார் பயன்படுத்துகிறார்கள் என்ற விவரம், இன்டர்ன்ஷிப்பில் உங்கள் கையால் நடந்த ஒரு மாற்றம் இவற்றில் ஒன்றாவது அந்த இடத்துக்கு வரட்டும். படிக்கும்போதே வேலை பார்த்துக் குடும்பத்தைத் தாங்கியவர்கள் அதை எழுதத் தயங்குகிறார்கள். தயவுசெய்து எழுதுங்கள். வாரத்துக்கு இத்தனை மணி நேரம் வேலை பார்த்துக்கொண்டே படித்து முடித்தேன் என்ற ஒரு வரி, சுமாரான மார்க்கை வேறு வெளிச்சத்தில் காட்டும். அது சாக்குப்போக்கு இல்லை. உங்கள் உழைப்பின் கணக்கு.

இன்டர்வியூவில் மார்க்கைக் கேட்பார்கள் என்று எதிர்பார்த்தே போங்கள். கேட்டால் உடனே எண்ணைச் சொல்லுங்கள், சுற்றி வளைக்காதீர்கள். அதன் பிறகு காரணத்தை ஒரு வாக்கியத்தில், பேராசிரியரையோ கல்லூரியையோ குறை சொல்லாமல். பிறகு என்ன மாறியது என்று இன்னொரு வாக்கியம். "முதல் வருடம் எனக்குப் படிக்கும் முறையே பிடிபடவில்லை, இரண்டு பேப்பர் போய்விட்டது. அதன்பிறகு எல்லாப் பேப்பரும் முதல் தடவையிலேயே முடித்தேன்." இதைத் தடுமாறாமல் சொல்கிறவரிடம் கேட்டவர் பெரும்பாலும் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்.

விண்ணப்பப் படிவத்தில் மார்க்குக்குக் கட்டாயக் கட்டம் இருந்தாலோ, விளம்பரத்திலேயே கேட்டிருந்தாலோ இந்தப் பேச்சுக்கே இடமில்லை. போட்டுத்தான் ஆக வேண்டும். விட்டால் முழுமையற்ற விண்ணப்பம் என்று ஒதுக்கிவிடுவார்கள்.

நடுவில் ஒரு வழி

போடு, விடு என்று இரண்டே வழி இருப்பதாகப் பேசுவதால் மூன்றாவது வழி பலர் கண்ணில் படுவதில்லை. மொத்த மார்க்கைச் சொல்லாமல், அதில் இந்த வேலைக்குப் பொருத்தமான பகுதியை மட்டும் சொல்லலாம். முதன்மைப் பாடங்களில் வாங்கிய சராசரி, கடைசி நான்கு செமஸ்டர் சராசரி, இறுதி ஆண்டு ப்ராஜெக்டுக்குக் கிடைத்த கிரேடு, ஒரு குறிப்பிட்ட பாடத்தில் முதலிடம், படிப்புக்காகக் கிடைத்த உதவித்தொகை என்று எதுவாகவும் இருக்கலாம். என்னைக் கேட்டால், நடுத்தர மார்க் வாங்கியவர்களில் பலருக்கு இதுதான் சரியான வழி. மொத்த மார்க் என்பது முதல் வருடம் திணறியதையும், விருப்பமில்லாமல் எடுத்த பாடத்தையும் சேர்த்துக் கலக்கிய எண். தரவுப் பகுப்பாய்வு வேலைக்கு ஆள் எடுக்கிறவருக்கு உங்கள் புள்ளியியல் கிரேடு தெரிந்தால் போதும்.

ஆனால் பெயரைத் தெளிவாக எழுத வேண்டும். "முதன்மைப் பாடச் சராசரி 8.1 / 10" என்று எழுதினால் நேர்மை. அதையே "சராசரி 8.1" என்று மட்டும் எழுதினால் ஏமாற்று. கூர்மையான ஆள், மொத்தத்தை ஏன் சொல்லவில்லை என்று யோசிக்கத்தான் செய்வார். செய்யட்டும். தொழில்நுட்ப வேலைக்கு, வெற்றிடத்தைவிட பொருத்தமான ஒரு எண் அவருக்கு அதிகம் சொல்கிறது. ஆனால் மொத்த மார்க்குக்கே கோடு கிழிக்கும் இடத்தில் இந்த வழி எடுபடாது. அங்கே இரண்டையும் போடுங்கள், மொத்தமும் முதன்மைப் பாடமும் அடுத்தடுத்து.

ஒரே மார்க் வாங்கிய இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் மொத்தம் 7.2 / 10. ஒருவர் மென்பொருள் வேலைக்கு விண்ணப்பிக்கிறார். அவரிடம் இரண்டு ப்ராஜெக்ட் இருக்கின்றன, ஒன்றை வெளியாட்கள் பயன்படுத்துகிறார்கள். அவர் மொத்த மார்க்கை விட்டுவிடலாம். முதன்மைப் பாடச் சராசரி நன்றாக இருந்தால் அதைப் போட்டு, ப்ராஜெக்டைப் படிப்புக்கு மேலே ஏற்றிவிடலாம். இன்னொருவர் நிதி நிறுவனத்தில் பகுப்பாய்வாளர் வேலைக்கு விண்ணப்பிக்கிறார். இன்டர்ன்ஷிப் எதுவும் செய்யவில்லை. அவர் 7.2-ஐப் போட வேண்டும், கூடவே நிதி, கணக்கியல் பாடங்களில் வாங்கிய கிரேடுகளையும் சொல்ல வேண்டும். விட்டால் அவரை அதைவிடக் கீழாக மதிப்பார்கள், அதைத் தாங்கிப் பிடிக்க பக்கத்தில் வேறு எதுவும் இல்லை.

எண்ணைத் திருத்தும் ஆசை

கோட்டுக்கு மிக அருகில் நிற்பவர்களுக்கு ஒரு சபலம் வரும். 2.96 வாங்கியவர் 3.0 என்று எழுதலாமா? கணக்குப்படி ஒரு தசமத்துக்கு முழுமையாக்கினால் அது 3.0 தான். ஆனால் 3.0 என்று கோடு போட்ட இடத்தில் அந்த முழுமையாக்கல் உங்களை உள்ளே கொண்டுவருகிறது. மார்க் ஷீட்டைப் பார்க்கும் நாளில் அது தந்திரமாகத் தெரியும். மார்க் ஷீட்டில் எத்தனை தசமம் இருக்கிறதோ அத்தனையையும் அப்படியே எழுதுவதுதான் பாதுகாப்பு. சிஜிபிஏவை, அதாவது புள்ளி முறையில் வரும் மொத்தச் சராசரியை, சதவீதமாக மாற்றுகிறீர்களா? உங்கள் பல்கலைக்கழகம் கொடுத்திருக்கும் சூத்திரத்தை மட்டும் பயன்படுத்துங்கள். இணையத்தில் கிடைத்த ஒன்று உங்களுக்கு இரண்டு சதவீதம் கூட்டிக் கொடுக்கிறது என்பதற்காக அதை எடுக்காதீர்கள்.

பல நிறுவனங்கள் வேலை உறுதிக் கடிதம் கொடுத்த பிறகு மார்க் ஷீட்டைக் கேட்கின்றன, அல்லது வெளி நிறுவனத்தைக் கொண்டு சரிபார்க்கின்றன. எண் ஒத்துப்போகவில்லை என்றால் கொடுத்த வேலையைத் திரும்பப் பெறுவார்கள். சேர்ந்து சில ஆண்டுகள் ஆன பிறகு தெரியவந்தாலும் வேலை போகலாம். குறைந்த மார்க் ஒரு வாய்ப்பைத்தான் தட்டிப் பறிக்கும். பொய் மார்க் உங்கள் பெயரையே கெடுத்துவிடும். லிங்க்ட்இன் பக்கத்தில் ஒரு எண், ரெஸ்யூமேயில் வேறு எண் என்று இல்லாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். அறியாமல் நடந்திருந்தாலும் அது பொய் போலவே படும்.

எப்போது எடுப்பது?

முழு நேர வேலையில் இரண்டு மூன்று ஆண்டுகள் கடந்ததும் மார்க்கை எடுத்துவிடலாம். ராத்தின் தொகுப்பு காட்டியது போல அதன் பலம் தேய்ந்துகொண்டே போகிறது. அந்த இடத்தில் நீங்கள் செய்த வேலை வந்து உட்காரும். தங்கப் பதக்கம், முதல் தரவரிசை போன்றவற்றை மட்டும் பட்டத்தின் வரியில் இன்னும் சில காலம் வைத்திருக்கலாம். மேற்படிப்புக்கோ ஆராய்ச்சிக்கோ திரும்பப் போகிறவருக்கு மட்டும் இது பொருந்தாது. அங்கே பத்து வருடம் கழித்துப் போனாலும் பழைய மார்க் ஷீட்டைத்தான் முதலில் கேட்பார்கள்.

அதுவரை, மார்க் உள்ள ஒரு பிரதியும் மார்க் இல்லாத ஒரு பிரதியுமாக இரண்டு ரெஸ்யூமே கையில் வைத்திருங்கள். ஒவ்வொரு விளம்பரத்தையும் படித்துவிட்டு எதை அனுப்புவது என்று முடிவெடுக்க சில நிமிடங்கள் போதும்.